வேடனாக வந்த முருகனும், நவம்பர் மாத மான் வேட்டையும்



கந்த சஷ்டிக்கு மாலை போடப் போற சமயத்துல, அமெரிக்காவுல வேலை பார்க்கிற நம்ம தம்பி ஒருத்தர் குழுவுல ஒரு கேள்வி போட்டிருந்தார். "அண்ணா, கூட வேலை பார்க்கிறவங்க நவம்பர்ல மான் வேட்டைக்குக் கூப்பிடுறாங்க. இங்க அது சட்டப்படி சரி. லைசென்ஸ் வாங்கணும், ஒரு மானுக்கு ஒரு டேக், அவ்வளவுதான். ரைஃபிள் சுடக் கத்துத் தர்றேன்னும் சொல்றாங்க. போகலாமா? நம்ம முருகனே வேடன்தானே?"

அஞ்சு நிமிஷத்துல முப்பது பதில். பாதிப்பேர் "பாவம், போகாத"ன்னு கும்பிடு பொம்மை போட்டாங்க. மீதிப்பேர் "முருகனே வேட்டுவக் குலத்து மாப்பிள்ளை, தாராளமா போ"ன்னு சொன்னாங்க. ரெண்டு பதிலுமே கேள்வியைச் சீக்கிரம் முடிச்சு வைக்கிற பதில்னு எனக்குத் தோணுச்சு. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க.

முதல்ல "முருகனே வேடன்" என்கிறதை எடுத்துக்குவோம். இது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. குறிஞ்சி நிலத்துத் தெய்வம் அவன். திருமுருகாற்றுப்படையிலேயே மலைநிலத்துல நடக்கிற வழிபாட்டைச் சொல்ற இடத்துல ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசி படையலாக வருது. இன்னைக்கு நாம சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் வெச்சுக் கும்பிடுறோம். ஆனா அந்தக் குன்றுகள்ல அவனை முதல்ல கும்பிட்டவங்க வேட்டையாடிச் சாப்பிட்ட ஜனங்க. அவங்களை "பாவிகள்"னு சொல்ற தகுதி நமக்கு இல்ல. கண்ணப்ப நாயனாரை நாயன்மார் வரிசையில வெச்சுக் கும்பிடுற மரபு நம்முடையது.

ஆனா வள்ளி கதையைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. கந்தபுராணத்துல வள்ளி பிறந்தது ஒரு மான் வயித்துல. வள்ளிக்கிழங்கு தோண்டி எடுத்த குழியில அந்த மான் குழந்தையைப் போட்டுட்டுப் போயிடுது. எடுத்து வளர்த்தவர் வேடர் தலைவர் நம்பிராஜன். அதாவது மானுக்குப் பிறந்த பிள்ளையை மான் வேட்டையாடுறவர் வளர்க்கிறார். இதை யாரும் கோயில்ல விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா யோசிக்க யோசிக்க இது சாதாரண விஷயமா தெரியல.

அடுத்து, முருகன் வேடன் வேஷத்துல வந்து என்ன செய்றான்? நம்ம திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்ல திருவிழாவுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போடுவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில வந்த நாடகம். அதுல வேலன் தினைப்புனத்துக்கு வந்து "நான் துரத்தி வந்த மான் இந்தப் பக்கம் வந்துச்சா?"ன்னு கேட்பார். வள்ளி "வரல"ம்பாங்க. அந்த ஒரு மானை வெச்சுக்கிட்டே ரெண்டு பேரும் மணிக்கணக்குல தர்க்கம் பண்ணுவாங்க. கூட்டம் தூங்காம கேட்கும். கடைசி வரைக்கும் ஒரு மானும் வராது, ஒரு அம்பும் பாயாது. அவன் தேடி வந்த மான் வள்ளிதான். முருகனோட வேட்டையைக் காட்டித் துப்பாக்கி எடுக்கிறவங்க, அந்த வேட்டையில செத்த மான் எதுன்னு காட்டணும். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்ல.

சூரசம்ஹாரத்தையும் சிலர் இழுத்தாங்க. அது இதுக்குப் பொருந்தாதுங்க. சூரன் படை திரட்டிக்கிட்டு எதிர்ல நின்னு சண்டை போட்டவன். மான் உங்களை ஒண்ணும் செய்யல, நீங்க நிக்கிறதே அதுக்குத் தெரியாது. அப்புறம், அந்தச் சூரனையே நம்ம அப்பன் மயிலாவும் சேவலாவும் மாத்தி கூடவே வெச்சுக்கிட்டான்.

சரி, அப்போ "பாவம், போகாத" கட்சிதான் சரியா? அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய சிக்கல். ஏன்னா நான் இருக்கிறது காந்திகிராமம் பக்கம். எதிர்ல சிறுமலை. மலையடிவாரத்துல சோளம், கடலை, காய்கறி போடுற சம்சாரிக்கு மிருகம்னா படத்துல பார்க்கிற அழகு மட்டும் இல்ல. காட்டுப்பன்னி ஒரு ராத்திரி இறங்கினா கடலைக் கொல்லை உழுத மாதிரி ஆயிடும். காட்டுமாடு வேலியை மதிக்காது. மயிலைப் பத்திச் சொல்லவே வேணாம். நாம "மயில் வாகனனே"ன்னு உருகுறோம், அவர் விதைச்ச விதையை அது கிளறிட்டுப் போயிடுது. நம்ம பக்திக்கும் கருணைக்கும் ஆகிற செலவை நாம கட்டல, அவர் கட்டிக்கிட்டு இருக்கார். போன்ல "உயிர்களைக் கொல்லாதீர்"னு ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு ஒரு பைசா செலவில்ல.

காந்திகிராமம்னு பேரு வெச்ச ஊர்ல இருந்துக்கிட்டு காந்தி இதுல என்ன சொன்னார்னு பார்க்காம இருக்க முடியுமா? அவர் ஏதோ எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னவர்னு நாம நினைச்சுக்கிறோம். 1928-ல சபர்மதி ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி பிழைக்க வழியில்லாம வேதனையில துடிச்சப்போ, டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சொன்னவர் அவர். நாடு முழுக்க இருந்து கோபமா கடிதம் வந்துச்சு. அவர் பின்வாங்கல, அது அகிம்சைதான்னு எழுதினார். 1946 பிப்ரவரியில தெற்கே வந்தவர் மதுரை மீனாட்சியையும் நம்ம பழனி ஆண்டவரையும் தரிசனம் பண்ணினார். அதே வருஷம் மே மாசம் ஹரிஜன் இதழ்ல, பயிரை அழிக்கிற குரங்குகளைப் பத்தி எழுதுறார். மனுஷனோட சாப்பாட்டை அழிக்கிற பிராணியைக் கொல்றது மன்னிக்கக் கூடியது, சில நேரம் கடமையாகவும் ஆகலாம் என்கிறதுதான் அதன் சாரம். பழனிக்கு வந்துட்டுப் போன மூணே மாசத்துல எழுதினது. முன்னாடியே இந்தச் சிக்கலை எழுதினப்போ, அப்படிக் கொல்றதும் ஹிம்சைதான்னு அவர் ஒத்துக்கிட்டார். செய்ய வேண்டி வந்தாலும் அதுக்கு அகிம்சைன்னு பேர் வைக்கல. கன்னுக்குட்டிக்காகச் செய்தது ஒண்ணு, நமக்காகச் செய்றது வேறன்னு பிரிச்சார். இந்தப் பிரிவினைதான் எனக்கு நம்ம கேள்விக்கே சாவி மாதிரி தெரியுது.

சட்டமும் கிட்டத்தட்ட இதையே பிரிக்குது. வேட்டைக்கு "சீசன்" என்கிற பழக்கமே நம்ம மலைகளுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. 1877-ல நீலகிரியில வேட்டைக்காரங்க சங்கம், 1879-ல அதுக்கு ஒரு சட்டம், இன்ன மாசம் சுடலாம், இன்ன மாசம் கூடாதுன்னு. வேட்டையாட மிருகம் மிச்சம் இருக்கணுமேன்னு வந்த அக்கறை அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கொஞ்ச காலம் லைசென்ஸ் வேட்டைக்கு வழி இருந்துச்சு. 1991 திருத்தத்துல அதையும் எடுத்துட்டாங்க. இப்போ நம்ம நாட்டுல பொழுதுபோக்குக்காக மான் சுட எந்த மாசத்திலும் அனுமதி கிடையாது. ஆனா உயிரைக் காப்பாத்திக்கவும், அதிகாரி எழுத்துமூலமா அனுமதிச்சா பயிரைக் காப்பாத்தவும் அந்தச் சட்டத்திலேயே வழி வெச்சிருக்கு. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு காட்டுப்பன்னி விஷயத்துல ஒரு முறை சொன்னாங்க: காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை ஆட்களே சுடலாம். மானுக்கு அந்த முறை இல்ல. காணும் பொங்கலுக்கு முயல் வேட்டைன்னு கிளம்புறதும், ராத்திரி நாட்டுத்துப்பாக்கியோட மலை ஏறுறதும், சுருக்குக் கம்பி வைக்கிறதும் குத்தம், அவ்வளவுதான். சுருக்குல மாட்டின பிராணி எத்தனை மணி நேரம் துடிக்கும்னு நினைச்சாலே வயிறு கலங்கும்.

இப்போ தம்பி இருக்கிற நாட்டுக்கு வருவோம். அங்க நிலைமை நிஜமாவே வேற, இதை நேர்மையா ஒத்துக்கணும். பல மாநிலங்கள்ல ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனுஷனே சுட்டு ஒழிச்சுட்டான். தின்ன ஆளில்லாம மான் பெருகி, காட்டுல முளைக்கிற கன்னுகளை எல்லாம் மேய்ஞ்சு, காடே கிழடாகிற நிலைமை. ஆல்டோ லியோபோல்டுனு ஒரு வன அதிகாரி இளவயசுல ஒரு ஓநாயைச் சுட்டு, அது சாகிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தார். ஓநாய் குறைஞ்சா மான் பெருகும், வேட்டைக்காரனுக்கு அது சொர்க்கம்னு நினைச்சவர். ஓநாய் போன மலைகள்ல மான்கள் பட்டினியில செத்ததை அப்புறம் பார்த்து மனசு மாறினார். அதை எழுதின புத்தகம் அவர் இறந்த பிறகு 1949-ல வந்துச்சு. ஆனா அவரும் வேட்டையை விடல, அதையும் சொல்லிடணும். அங்க துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரி 1937 சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகுது. அதனால "வேட்டைக்காரன் எல்லாம் கொலைகாரன்"னு இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆனா அதே நியாயத்தை நம்ம ஊருக்கு இறக்குமதி பண்ணவும் முடியாது. பழனி மலையில செந்நாயும் சிறுத்தையும் இன்னும் இருக்கு. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்னு 2013-ல அறிவிச்சது எல்லா உயிரும் சேர்ந்த காட்டைத்தான். இங்க மான் கூடிப்போச்சான்னு அது பார்த்துக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், சில பேருக்குக் கோபம் வரும். சஷ்டி ஆறு நாள் விரதம் முடிச்சு ஏழாம் நாள் திண்டுக்கல் பிரியாணிக்கு வரிசையில நிக்கிறவர், மான் சுடுறவனைப் பார்த்து முகம் சுளிக்கிறது நியாயமா? கடைக்கு வந்த ஆடு கயித்துல கட்டி, வண்டியில நெருக்கி ஏத்தி வந்தது. அந்த மான் கடைசி நிமிஷம் வரைக்கும் காட்டுல சுதந்திரமா மேய்ஞ்சது. சுட்டவன் அது விழுறதைப் பார்த்தான், நாம கறியை மட்டும் பார்த்தோம். இதுல அவன் நம்மைவிடக் கொடூரமானவன்னு எனக்குச் சொல்லத் தெரியல. முழு சைவமா இருக்கிறவங்க பேசலாம். அவங்களுக்கும் அந்தச் சோளக்கொல்லைக் கணக்கு இருக்கு, அரிசியும் பருப்பும் ஒரு உயிரும் போகாம விளையறதில்ல.

அப்போ வித்தியாசம் எங்கதான் இருக்கு? கொல்றதுல கிடைக்கிற சந்தோஷத்துலதான்னு நினைக்கிறேன். பசிக்காகக் கொல்றவன், பயிருக்காகக் கொல்றவன், காடு அழியுதேன்னு கொல்றவன், இவங்க மூணு பேருக்கும் அந்த மான் சாகாமலே காரியம் நடந்தா நிம்மதிதான். வேலி போட்டுத் தீர்ந்தா சம்சாரி துப்பாக்கியைத் தேடப் போறதில்ல. ஆனா விளையாட்டுக்குப் போறவனுக்கு மான் சாகணும், இல்லேன்னா அன்னைக்குப் பொழுது வீண். கொம்பைப் பிடிச்சுத் தூக்கி, சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறது அந்தச் சாவைக் கொண்டாடுறது. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகல.

தம்பிக்கு நான் சொல்றது இதுதான். மாலை போட்டிருக்கிற நாள்ல வேண்டாம், அதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. மாலை கழட்டின பிறகு போறதானா, உங்களை நீங்களே கேளுங்க: போட்டோ கிடையாது, கொம்பு கிடையாது, ஆபீஸ்ல சொல்லிக்கவும் கூடாதுன்னா அப்பவும் போவீங்களா? குண்டு நெஞ்சுல படாம வயித்துல பட்டு மான் ஓடிருச்சுன்னா, குளிர்ல ராத்திரி முழுக்க ரத்தத்தடம் பார்த்துத் தேடிப் போவீங்களா? அந்தக் கறியை வீணாக்காம வீட்டுல சமைப்பீங்களா, அம்மாகிட்ட போன்ல சொல்வீங்களா? எல்லாத்துக்கும் ஆமான்னா, நான் தடுக்க மாட்டேன், முருகன் கோவிச்சுப்பான்னு பயமுறுத்தவும் மாட்டேன். ஒண்ணுக்கு இல்லைன்னாலும், "அவங்க கூப்பிட்டாங்க" என்கிறது ஒரு உயிரை எடுக்கப் போதுமான காரணம் இல்லப்பா. கூடப் போங்க, காட்டுல உட்காருங்க, துப்பாக்கி தொடாம திரும்பி வாங்க.

நம்ம பழனியிலயும் இந்தப் பருவத்துல ஒரு வேட்டை உண்டு. விஜயதசமி அன்னைக்கு மலைக்கோயில்ல இருந்து பராசக்தி வேல் கோதைமங்கலத்துக்கு வரும், அங்க அம்பு போடுற நிகழ்ச்சி நடக்கும். அம்பு பாயிறது வாழைமரத்துல. கூட்டம் அரோகரா போடும், பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிக் காட்டுவாங்க. பார்க்காதவங்க அடுத்த வருஷம் ஒரு தடவை வந்து பாருங்க.

போகும்போது வழியில ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கயாவது வண்டியை நிறுத்தி டீ குடிச்சா, அங்க இருக்கிற விவசாயி ஒருத்தர்கிட்ட மயிலையும் பன்னியையும் பத்திக் கேளுங்க. ராத்திரி பரண்ல உட்கார்ந்து வெடி போட்டுத் தகரம் தட்டி விரட்டுறவங்க அவங்க. வள்ளியம்மை கவண் வெச்சு ஆலோலம் பாடி விரட்டின அதே வேலை. பேச ஆரம்பிச்சா சீக்கிரம் விட மாட்டார், நேரம் வெச்சுக்கிட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை.