எரிநட்சத்திரமும் நமது ஈமானும்

டிசம்பர் 14-ஆம் தேதி சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். பென்னலூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர்.

"ஹஜ்ரத்! இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து, நண்பர்களோடு மொட்டை மாடியில் நின்றேன். கம்பெனி விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி ஏழெட்டு எரிநட்சத்திரங்களைக் கண்டோம். விஞ்ஞானம் அவற்றை விண்தூசு என்கிறது. குர்ஆனோ ஷைத்தான்களை விரட்டும் எறிபொருள் என்கிறது. எதை நம்புவது?" என்றார்.

இத்தகைய கேள்வியை அதட்டி அடக்குவது ஆலிமுக்கு அழகன்று. அடக்கப்பட்ட கேள்வி ஈமானை உள்ளிருந்தே அரித்துவிடும்.

விஞ்ஞானிகள் கூறுவது என்ன? 1983-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள் சூரியனைச் சுற்றி வருகிறது. அது உதிர்த்த துகள்களின் பாதையை நமது பூமி ஆண்டுதோறும் டிசம்பரில் கடக்கிறது. மணல் போன்ற அத்துகள்கள் விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் பாய்ந்து எரிகின்றன. மிதுன ராசியின் திசையிலிருந்து வருவதால் இதற்கு ஜெமினிட் பொழிவு என்று பெயர்.

இதை மறுக்க மார்க்கத்தில் எந்த அவசியமும் இல்லை. அல்முல்க் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தை விளக்கும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள், எறியப்படுவது வானத்து நட்சத்திரமே அன்று, அதற்குக் கீழுள்ள தீப்பிழம்பு என்றே எழுதியுள்ளார்கள்.

ஒருவர் மவுத்தானால் டாக்டர் 'இதயம் நின்றது' என்று சான்று எழுதுகிறார். மலக்குல் மவுத் உயிரைக் கைப்பற்றினார் என்று நாம் ஈமான் கொள்கிறோம். ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறதா? கண்ணுக்குத் தெரியும் காரணத்தை விஞ்ஞானம் சொல்லும். மறைவான நோக்கத்தை வஹீ மட்டுமே சொல்லும். ஆகவே 'தூசுதானே' என்று ஆயத்தை அலட்சியம் செய்வதும் தவறு. ஒவ்வொரு கீற்றையும் காட்டி, 'இதோ, ஒரு ஷைத்தான் அடிபட்டான்' என்று நாமே தீர்ப்புக் கூறுவதும் தவறு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் ஸஹாபாக்கள் அமர்ந்திருந்த ஓர் இரவில் ஒரு நட்சத்திரம் எரிந்து விழுந்தது. பெரிய மனிதர் பிறந்தார் அல்லது இறந்தார் என்பது ஜாஹிலிய்யாக் காலத்து நம்பிக்கை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அப்படியிருக்க, 'எரிநட்சத்திரம் கண்டால் ஆகாது, உடனே பச்சை மரத்தைப் பார்' என்று நம் வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்தலாமா? அதைப் பார்த்து மனத்தில் நினைத்தது நடக்கும் என்னும் புதுநாகரிக நம்பிக்கையும் அந்தப் பழைய அறியாமையின் மறுபக்கமே!

வாலிபரின் முகம் தெளிந்தது. "கூடப் பார்த்த நண்பர்கள் எங்கே, தம்பி?" என்றேன். தலை குனிந்தார். "தூங்குகிறார்கள், ஹஜ்ரத்."

சகோதரர்களே! வானத்தைப் பார்ப்பது ஆகுமானதே. இரவின் கடைசிப் பகுதியில் எழுந்து, வானத்தை நோக்கி, ஆல இம்ரானின் இறுதி வசனங்களை ஓதியது நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை. ஜெமினிட் உச்சி வானில் நிற்பதும் ஏறக்குறைய இரவு இரண்டு மணிக்கே. அது தஹஜ்ஜுதுடைய நேரம். முன்னிரவில் உறங்கி எழுந்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் பாருங்கள்; பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் படைப்பைக் காண விழித்திருந்துவிட்டு, படைத்தவன் அழைக்கும் பாங்கொலியின்போது உறங்கிப்போனால், நாம் கண்டதுதான் என்ன?

சிந்தித்துப் பார்க்கும் கண்களையும், சுப்ஹுக்கு விழிக்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.