அழுக்கு எங்கே போகிறது?

கொல்கத்தாவின் வடபகுதியில், தட்சிணேஸ்வரத்திற்குச் செல்லும் வழியில் உள்ளது வராகநகர். அங்கே ஓர் இளம் தம்பதியர் வாழ்கின்றனர். கணவர் கல்லூரி ஆசிரியர்; மனைவி வங்கியில் பணிபுரிபவர். முதல் குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு கணவர் ஒரு முடிவை அறிவித்தார்: "நம் குழந்தைக்குத் துணிதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயாபர் இந்த வீட்டிற்குள் வராது."

கேட்டவர்கள் அனைவரும் ஐயம் எழுப்பினர். "ஜூலை மாதத்து மழையில் துணி எப்படி உலரும்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கும், யாருக்கும் தூக்கமே இராது" என்றார் நண்பர். அலுவலகத் தோழியரோ, "இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிடிவாதமா?" என்று வியந்தனர்.

இவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. ஆனால் கணவரின் தாயாரும் ஐயுற்றார். துணியைத் தவிர வேறொன்றும் அறியாமல் மூன்று குழந்தைகளை வளர்த்தவர் அவர். வங்காளத்தில் பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டித் தைத்து, குழந்தைக்காக 'காந்தா' என்னும் மெல்லிய விரிப்பைத் தயாரிப்பார்கள். அவ்வாறு பல விரிப்புகளைத் தைத்த கைகள் அவருடையவை. மகன் தம் முடிவைக் கூறியதும் அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "துணி நல்லதுதான், அப்பா. ஆனால் அதைத் துவைக்கப்போவது யார்?" என்று கேட்டார்.

மகன் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நடக்கும், அம்மா" என்றார். அந்தக் கேள்வியின் ஆழம் அப்போது அவருக்குப் புரியவில்லை.

இனியதும் நல்லதும்

கட உபநிடதத்தில் யமதர்மராஜன் நசிகேதனுக்கு இரண்டு பாதைகளைக் காட்டுகிறான். ஒன்று பிரேயஸ்: உடனடியாக இன்பம் தருவது. மற்றொன்று சிரேயஸ்: முடிவில் நன்மை தருவது. இரண்டும் ஒவ்வொரு மனிதனிடமும் வந்து நிற்கின்றன. விவேகம் உடையவன் ஆராய்ந்து பார்த்து நன்மையைத் தேர்ந்தெடுக்கிறான்.

டயாபர் என்பது பிரேயஸ், துணி என்பது சிரேயஸ் என்று உடனே முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் ஆராய்வதற்கு முன்பே முடிவு கட்டுவது விவேகம் ஆகாது. முதலில் உண்மைகளைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயாபர் 1960-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவரான விக்டர் மில்ஸ் ஒரு தாத்தா. பேரக்குழந்தையின் துணிகளை மாற்றும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சலிப்பிலிருந்தே இந்த எண்ணம் தோன்றியது. தாய்மார்களின் இடுப்பொடியும் உழைப்பை அது குறைத்தது என்பதை மறுக்க முடியாது. டயாபர் அணிந்தாலே குழந்தையின் தோல் புண்ணாகிவிடும் என்று சிலர் கூறுவதும் சரியன்று. ஈரத்தில் நெடுநேரம் கிடந்தால் எந்தக் குழந்தையின் தோலும் சிவந்து புண்ணாகும். துணியானாலும் டயாபரானாலும் நேரத்தில் மாற்றுவதே முக்கியம்.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரையிலும் விடை எளிதன்று. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2005-இலும் 2008-இலும் இதுபற்றி விரிவான ஆய்வுகளை வெளியிட்டது. துணிக்கும் டயாபருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்றே முதல் ஆய்வு கூறியது. துவைக்கும் முறையைப் பொறுத்தே அனைத்தும் அமைகிறது என்று இரண்டாவது ஆய்வு தெளிவுபடுத்தியது. இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்த்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணிகளைப் பயன்படுத்தினால் புவி வெப்பமடைதலுக்கு அவற்றின் பங்கு சுமார் 40 சதவீதம் குறைகிறது. மின்சாரத்தால் சூடேற்றி உலர்த்தினாலோ துணியின் மேன்மை மறைந்துவிடுகிறது.

ஆக, துணி என்ற பொருளில் புனிதம் எதுவும் தானாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எந்த மனநிலையுடன், எவ்வளவு கவனத்துடன் செய்கிறோம் என்பதே செயலின் தரத்தை நிர்ணயிக்கிறது. கீதை கர்மத்தைப் பற்றிக் கூறும் உண்மை குளியலறை வாளிக்கும் பொருந்துகிறது.

கண்ணுக்குத் தெரியாத கைகள்

அப்படியானால் துணியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே இல்லையா? இருக்கிறது. அந்தக் கல்லூரி ஆசிரியரை உந்தியதும் அந்தக் காரணமே.

டயாபரில் மரக்கூழும், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைச் செயற்கைப் பொருளும், பிளாஸ்டிக் படலமும் கலந்துள்ளன. மரக்கூழ் மட்கும், மற்றவை எளிதில் மட்குவதில்லை. அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பதும் கடினம். மலத்துடன் சுருட்டி எறியப்படும் அது வீட்டு வாசலோடு மறைந்துபோவதில்லை. ஒரு தள்ளுவண்டியில் ஏறுகிறது. அங்கிருந்து லாரிக்கு மாறுகிறது. கடைசியில் ஒரு குப்பைமேட்டை அடைகிறது. வழி நெடுகிலும் மனிதர்களின் கைகள் அதைத் தொடுகின்றன. பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள், பெரும்பாலும் கையுறை இன்றி, அந்தப் பொதிகளுக்கு இடையில் தேடுகிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இத்தகைய கழிவுகளைத் தனியே பொதிந்து கொடுக்கும் கடமையை வீட்டாருக்கு விதித்தன. அதற்கான உறைகளை வழங்கும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு அளித்தன. புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்கள், பொதியின்மீது ஒரு சிவப்புப் புள்ளி இடுமாறு மக்களை வேண்டிக்கொண்டார்கள். உள்ளே இருப்பது என்ன என்பதைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவலம் தங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே அந்த வேண்டுகோள். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதற்கு எதிராக நம் நாடு 2013-ஆம் ஆண்டில் வலுவான சட்டம் இயற்றியது. சட்டத்தால் விரட்டிய ஒன்றை, அழகிய பொதியாகச் சுருட்டி அதே மனிதர்களின் கைகளில் மீண்டும் வைப்பது முறையா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட்டின் அறநெறி. நமது மரபு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: குப்பையைப் பொறுக்கும் அந்த மனிதரிடமும் இறைவன் உறைகிறான் என்கிறது. நம் குழந்தையின் மலத்தை அந்த இறைவனின் கையில் வைக்கிறோம் என்று உணர்ந்தால் எந்த மனமும் சற்றே தயங்கும்.

பன்னிரண்டாம் நாள்

குழந்தை பிறந்தது. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு துணிகள் நனைந்தன. மழையோ விடவில்லை, அறை முழுவதும் கொடிகள் கட்டப்பட்டன. இளம் தாய் பிரசவக் களைப்பில் இருந்தார். கணவர் காலையில் கல்லூரிக்குச் சென்றுவிடுவார். ஈரத்துணிகள் வாளியில் காத்துக்கிடந்தன. முதலில் பாட்டி துவைத்தார். மூட்டுவலி அதிகமாகவே, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பக்கம் வாளி நகர்ந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அவள் மூன்று நாட்கள் பேசாமல் துவைத்தாள்.

நான்காம் நாள் அவள் பாட்டியிடம் மெல்லச் சொன்னாள்: "பாத்திரமும் தரையும் என்றுதானே பேச்சு, அம்மா? இதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே."

அன்று குழந்தைக்குப் பன்னிரண்டாம் நாள். மாலையில் மகன் வந்ததும் தாயார் குரலை உயர்த்தாமல் கூறினார்: "குழந்தையின் அழுக்கு குப்பை அள்ளுபவர் கையில் போகக் கூடாது என்றாய். சரி, அது இப்போது இவள் கையில் போயிருக்கிறது. உன் கைக்கு மட்டும் இன்னும் வரவில்லை."

மகனால் பதில் கூற முடியவில்லை.

மகாத்மா காந்தியின் வாழ்விலும் இத்தகைய ஒரு தருணம் உண்டு. 1898-ஆம் ஆண்டு, டர்பன் நகரில், வீட்டில் தங்கியிருந்தவர்களின் சிறுநீர்க் கலங்களைத் தாமும் மனைவியுமே சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த எழுத்தர் ஒருவரின் கலத்தைக் கஸ்தூரிபா கண்ணீருடன் சுமந்து சென்றார். அதை முகமலர்ச்சியுடன் செய்ய வேண்டும் என்று காந்தி கோபம் கொண்டார். மனைவியை வாசல்வரை இழுத்துச் செல்லும் அளவுக்குப் போய்விட்டார். உனக்கு வெட்கம் இல்லையா என்ற பொருளில் கஸ்தூரிபா கேட்ட கேள்வி அவரை நிறுத்தியது. பிற்காலத்தில் தம் சுயசரிதையில் இந்த நிகழ்ச்சியை அவர் ஒளிக்காமல் எழுதினார். கொள்கை சரியானதே. ஆனால் அந்தக் கொள்கையைப் பிறருடைய தோள்மீது ஏற்றியபோது அதுவே வன்முறையாக மாறிவிட்டது.

இங்கேதான் நமது தார்மிகச் சிந்தனையின் ஒரு பெரும் ஓட்டை இருக்கிறது. உயர்ந்த முடிவுகளை எடுப்பவர் ஒருவர். அவற்றின் சுமையைத் தாங்குபவர் மற்றொருவர். வீட்டில் விரதம் என்று ஆண் அறிவிக்கிறான். அடுப்படியில் பெண் நிற்கிறாள். பிறர் உழைப்பில் நாம் செய்யும் தியாகம் தியாகம் ஆகாது. பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுக்காதவனைத் திருடன் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கூறுகிறது. தன் கொள்கையின் பெருமையைப் பெற்றுக்கொண்டு, அதன் உழைப்பைத் தராதவனுக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

விடியற்காலை வேள்வி

மறுநாள் அந்த ஆசிரியர் வேலைக்கு வரும் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்து, மூன்று நாள் உழைப்புக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்தார். அன்று முதல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தார். மலத்தைக் கழிப்பறையில் கழுவிவிட்டு, துணிகளை அலசி, வெந்நீரில் துவைத்தார். மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் துணி ஈரம் உறிஞ்சாது என்பதைத் தாயாரின் கண்டிப்பில் கற்றுக்கொண்டார். மழை ஓயாத நாட்களில் மின்விசிறியின்கீழ் உலர்த்தி, இஸ்திரி போட்டு ஈரம் போக்கினார். தொடக்கத்தில் அருவருப்பு இருந்தது. சில வாரங்களில் அது மறைந்தது. மலத்தின் நிறத்தைக் கண்டே குழந்தையின் வயிற்று நிலையை ஊகிக்கும் அளவுக்கு அவர் தேறினார்.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார், பெருக்கி முடித்தபின் துடைப்பத்தை வீசி எறிந்த ஒருவரைக் கண்டித்து, அதையும் மரியாதையுடன் அதன் இடத்தில் வைக்கச் சொன்னார். உத்போதன் இல்லத்தில் பழங்கள் வந்த கூடையை யாரோ வெளியே எறிந்தபோது, அதை எடுத்துவரச் செய்து, கழுவிப் பத்திரப்படுத்தினார். பயன் தந்த பொருளை உடனே எறிவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. துணியைத் துவைத்து மீண்டும் மடித்து வைப்பதில் அந்த மனப்பான்மையின் ஒரு துளி இருக்கிறது.

பொற்சங்கிலி

எனினும் ஓர் ஆபத்து எஞ்சியிருந்தது. அடுத்த குடியிருப்பில் ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தைகள். கணவர் வெளியூரில் பணிபுரிகிறார். உதவிக்கு யாரும் இல்லை. அவள் வீட்டு வாசலில் டயாபர் பெட்டியைக் கண்ட ஆசிரியரின் மனத்தில் ஓர் இகழ்ச்சி எழுந்தது. தாம் உயர்ந்தவர் என்ற நினைப்பு அது.

சத்துவ குணமும் மனிதனைக் கட்டுகிறது என்று கீதையின் பதினான்காம் அத்தியாயம் எச்சரிக்கிறது. சுகத்தின் மீதும் அறிவின் மீதும் கொள்ளும் பற்றினால் அது கட்டுகிறது. இரும்புச் சங்கிலியானாலும் பொன் சங்கிலியானாலும் சங்கிலி சங்கிலியே. சுத்தமான துணியைக் கண்டு பெருமிதம் கொள்ளும் மனம், அழுக்குத் துணியைவிட அதிகமாகத் துவைக்கப்பட வேண்டியது.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது குடும்பத்தினர் புரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் சென்றனர். இரவு ரயில். "இந்த ஓர் இரவுக்கு டயாபர் போடலாம்" என்றார் மனைவி. கணவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தாமே கடைக்குச் சென்று வாங்கி வந்தார். பயன்படுத்தியதைத் தண்டவாளத்தில் எறியவில்லை. செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறியிட்டு, ஊர் திரும்பும்வரை வைத்திருந்து குப்பை வண்டிக்காரரிடம் அது என்னவென்று சொல்லித் தனியே கொடுத்தார். கொள்கை தோற்றுவிட்டதா? இல்லை. பிறர் கையை நினைப்பதுதான் அவருடைய கொள்கையின் உயிர். துணி அதன் உடல் மட்டுமே. உயிர் அந்தப் பொதியிலும் இருந்தது.

இருளில் செய்த சேவை

தம் குருதேவரைப் பற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தட்சிணேஸ்வரத்தின் அருகே தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுக்குச் சேவை செய்ய ஸ்ரீராமகிருஷ்ணர் விரும்பினார். பிராமணர் ஒருவர் தங்கள் இடத்தைத் தூய்மை செய்வது பெரும் பாவம் என்று அஞ்சி அவர்கள் இசையவில்லை. அதனால் நள்ளிரவில், அனைவரும் உறங்கும் வேளையில், அவர் அங்கே சென்று அந்த இடத்தைத் தமது நீண்ட தலைமுடியாலேயே துடைத்தார். யாருக்கும் அதை அறிவிக்கவில்லை. யாரையும் அதைச் செய்யச் சொல்லவும் இல்லை.

அந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லாத அந்த வீட்டில் இன்றும் விடியலில் ஒருவர் வாளியுடன் அமர்கிறார். இப்போது அவர் தம் முடிவைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை. இரட்டைக் குழந்தைகளின் தாய் சென்ற மாதம் காய்ச்சலில் படுத்தபோது, அவளது வீட்டுப் பாட்டில்களையும் துணிகளையும் கழுவிக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். இரண்டாவது குழந்தைக்கு உதவுமே என்று பாட்டி, தமது பழைய புடவைகளை எடுத்து மீண்டும் ஒரு காந்தா தைக்கத் தொடங்கியிருக்கிறார். துவைக்கப்போவது யார் என்று இம்முறை அவர் கேட்கவில்லை.