கட்டிலும் வாசற்படியும்

தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய் வளர்க்கும் முஸ்லிம் வீடுகள் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. மழை இரவில் அது உள்ளே நுழைந்து கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டால் வீடே அமர்க்களப்படும். உம்மா விரிப்பை உருவுவார். வாப்பா கம்பைத் தேடுவார். பிள்ளைகள் நாய்க்காகக் கெஞ்சுவார்கள். இங்கே குற்றம் யாருடையது? நாயுடையதா, நம்முடையதா? விளையாட்டுக் கேள்விபோல் தோன்றினாலும், நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இதற்குள் இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வீட்டுக் காவலையும் இத்தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே மிகச் சரியான சொல் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அதன் உமிழ்நீர்தான் நஜீஸ், உடல் அப்படியன்று. மாலிகீ மத்ஹபிலோ உயிருள்ள நாய் சுத்தமானதே. அது வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குப் பணியும் வணக்கமாகும்.

காய்ந்த உடல் காய்ந்த விரிப்பில் பட்டால் ஷாஃபிஈ மத்ஹபிலும் நஜீஸ் ஒட்டாது. ஆகவே, நாய் ஏறியது என்றதும் வீட்டையே புரட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் மழையில் நனைந்த நாய் என்றால் கழுவியே தீரவேண்டும். எந்த மத்ஹபைப் பின்பற்றுபவராயினும், சுபுஹு தொழுகைக்கு எழப்போகும் ஒருவர் தம் படுக்கையை நாய்க்கு விட்டுக்கொடாமல் பேணுவதே அழகிய அதபு.

சரி, இச்சட்டங்கள் யார்மீது கடமை? புத்தியும் பருவமும் அடைந்த மனிதன் மீது. அவனே முகல்லஃப். நாய்க்குத் தக்லீஃப் இல்லை. கட்டில் என்பது அதற்குக் கதகதப்பான ஓர் இடம். தன் எஜமானின் வாடை வீசும் இடம். அவ்வளவுதான். அங்கே ஏறிய நாய் பாவம் செய்யவில்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. குறித்த நேரத்தில் வருவதாகச் சொன்ன ஜிப்ரீல் (அலை) அவர்கள் வரவில்லை. பார்த்தால் கட்டிலின் கீழே ஒரு நாய்க்குட்டி! அது எப்போது நுழைந்தது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்டார்கள், நாயகிக்கும் தெரியவில்லை. வெளியேற்றச் சொன்னார்கள், வெளியேற்றப்பட்டது. நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பது அப்போது விளங்கியது. ஸஹீஹ் முஸ்லிமில் நாயகி அவர்கள் வாயிலாக வரும் இந்த அறிவிப்பில் கேள்வி மனிதரிடமே கேட்கப்படுவதைக் கவனியுங்கள். குட்டியை அடித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

"நாய்க்குத் தன் தப்பு தெரியும், முகத்தைப் பார்த்தாலே புரியுமே" என்று சிலர் வாதாடுவதுண்டு. காதைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பி, வாலை ஒடுக்கி நிற்பதைத்தான் சொல்கிறார்கள். இதை நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அறிஞர் 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லிப் பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பியதும், தின்னாத நாயையும் தின்றதாக அவரிடம் சொல்லித் திட்டவைத்தார்கள். தின்னாத நாயும் அதே குற்ற முகத்தைக் காட்டியது! அந்த முகம் செய்த செயலினால் வருவதன்று, திட்டினால் வருவது என்று இதிலிருந்து தெரிகிறது. அச்சத்தைப் பார்த்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பெழுதுகிறோம். நாயிடம் மட்டுமா இப்படி? நம் பிள்ளைகளிடமும், வீட்டு வேலைக்கு வரும் ஏழைகளிடமும் இதே தீர்ப்பை எத்தனைமுறை எழுதுகிறோம்!

அப்படியானால் நாயைத் திருத்தவே முடியாதா? முடியும். அல்லாஹ் நமக்குக் கற்றுத்தந்த அறிவிலிருந்து நாம் வேட்டைப் பிராணிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சூரத்துல் மாயிதாவின் 4-வது வசனம் குறிப்பிடுகிறது. பழகிய நாய்க்கு ஃபிக்ஹு கிதாபுகள் சொல்லும் அடையாளங்கள் என்ன? ஏவினால் ஓடவேண்டும், தடுத்தால் நிற்கவேண்டும், பிடித்த இரையைத் தான் தின்னாதிருக்க வேண்டும். அத்தகைய நாய் பிஸ்மியோடு ஏவப்பட்டுப் பிடித்தது ஹலால். பழகாத நாய் கொன்றது ஹலாலன்று. வாயில் இரை இருக்கும்போதே தன்னை அடக்கக் கற்கும் பிராணிக்கு, கட்டிலில் ஏறாதிருக்கக் கற்பது பெரிய காரியமா?

கற்பிக்கும் முறையும் எளியதே. வாசல் திண்ணையிலோ கொல்லைத் தாழ்வாரத்திலோ ஒரு பழைய சாக்கை விரித்து, அதுவே அதன் இடம் என்று ஆக்குங்கள். அங்கே படுத்தால் ஒரு துண்டு கருவாடோ ரொட்டியோ கொடுங்கள். கட்டிலை நோக்கி வந்தால் அந்த நொடியிலேயே தடுத்து, இடத்துக்குத் திருப்புங்கள். ஏறி இறங்கிப் போனபின் அடிப்பதில் பயனில்லை. எதற்கு அடி விழுந்தது என்று அதற்கு விளங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் அனைவரும் ஒரே சொல்லில் நிற்கவேண்டும். மகன் இரவில் கட்டிலில் ஏற்றிக் கொஞ்சி, வாப்பா காலையில் அதே கட்டிலுக்காக உதைத்தால், அந்த உதை அநியாயம். பத்து நாளில் ஒருநாள் இடம் கொடுத்தாலும் பழக்கம் போகாது; எப்போதாவது கிடைக்கும் இன்பத்தைத்தான் உயிர்கள் மறக்க மறுக்கின்றன. ஆகவே, நாயைப் பழக்குவதற்கு முன் வீடு தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

"பாசமாக ஓடிவரும் பிராணியைத் தள்ளிவைப்பது இரக்கமாகுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குக் குகைவாசிகளின் சரிதையைச் சொல்லுங்கள். சூரத்துல் கஹ்ஃபில் அந்த நல்லடியார்கள் குகைக்குள் உறங்குகிறார்கள். அவர்களின் நாய் முன்கால்களை நீட்டி வாசலில் கிடக்கிறது. அது உள்ளே படுக்கவில்லை. ஆனாலும் அவர்களின் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு கூற்றிலும் நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது. வாசற்படி அதற்கு இழிவான இடமாக இருக்கவில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு புகட்டிய மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்ததையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஓர் உயிர்மீது இரக்கம் காட்ட அதைப் படுக்கையில் ஏற்றவேண்டும் என்பதில்லை. மழை நனைக்காத இடமும், வேளைக்குச் சோறும், நீரும், அநியாயமான அடியிலிருந்து பாதுகாப்பும் அதற்கு நாம் கொடுக்கவேண்டிய ஹக்கு. இவற்றைக் கொடுக்காமல் கட்டிலிலிருந்து மட்டும் விரட்டுபவர் சட்டத்தில் ஒரு பாதியைத்தான் பேணுகிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதனின் கோபத்தை வேட்டை நாய்க்கு ஒப்பிடுகிறார்கள். பழகியிருந்தால் உதவும், பழகாவிட்டால் கெடுக்கும். கம்பை ஓங்கும்முன் ஒரு நொடி நின்று பாருங்கள். சொல்லிக்கொடுக்காத ஒன்றுக்காக அடிக்கப் போகிறோமா? அப்படியானால் கம்பைக் கீழே வைத்துவிட்டு, சாக்கை எடுத்து வாசலில் விரியுங்கள். வாயற்ற உயிர்களின் விஷயத்தில் நீதி தவறாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.