யாரும் கணக்குக் கேட்காத பணம்

எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் போனில் பணம் அனுப்பினால், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி "நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. கடைக்காரருக்கு அது பெரிய நிம்மதி. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களிடம் இனி அவர் ஏமாற வேண்டியதில்லை. சில்லறைக்கு அலைவதும் நின்றது. இந்த வசதியை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் தினமும் அதில்தான் புழங்குகிறேன். ஆனால் வீட்டுப் பணம் முழுக்க போனுக்குள் போன இந்தப் பத்து வருஷத்தில், பெண்கள் கையிலிருந்த ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது. சிறுவாடுதான் அது.

சிறுவாடு சேர்க்காத அம்மாவை எனக்குத் தெரியாது. பால் காசில் மிச்சம், பழைய பேப்பர் போட்ட காசு, ஈர்க்குமாறு கிழித்து விற்றது, பொங்கல் சீரோடு அண்ணன்மார் தட்டில் வைத்துவிட்டுப் போனது என்று பத்தும் இருபதுமாகச் சேரும். எங்கள் அம்மா துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் வைப்பாள். நான்காக மடித்த நோட்டுகள், மேலே ஒரு பிளாஸ்டிக் கவர், அதைச் சுற்றி ரப்பர் பேண்ட், அதற்கும் மேல் முக்கால் டப்பா பருப்பு. எடுக்கும்போது நோட்டில் லேசாகப் பருப்பு மாவு ஒட்டியிருக்கும். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணம் அப்படி மாவு ஒட்டிய நோட்டாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனது. சித்திக்குப் பிரசவம் சிக்கலானபோது ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்துப் போனதும் அந்தப் பணத்தில்தான். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் கிடந்தபோது, வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்று அவர் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் குடும்பத்துக்கே திரும்பி வந்தது. அப்படியானால் ஒளித்து வைப்பானேன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். எதற்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது என்று அவள் தானே முடிவு செய்த ஒரே பணம் அது. மற்றதெல்லாம் மாதம் பிறந்தால் வாங்கி, மாதக் கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டிய பணம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததும், அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் பணம் வெளியே வந்தது. வரவேண்டிய கட்டாயம். எத்தனையோ வீடுகளில் அன்றைக்குத்தான் கணவருக்குத் தெரிந்தது, மனைவியிடம் இவ்வளவு இருக்கிறது என்று. சில வீடுகளில் சிரித்தார்கள், சில வீடுகளில் சண்டை. வரித்துறையும் கேட்டது. இரண்டு லட்சத்துச் சொச்சம் வங்கியில் கட்டிய ஒரு இல்லத்தரசியின் வழக்கில், ஆக்ராவில் இருக்கும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் தெளிவாகச் சொன்னது: கணவரும் பிள்ளைகளும் உறவினரும் கொடுத்ததில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் இது; இரண்டரை லட்சம் வரை இப்படிக் கட்டியதை இல்லத்தரசிகளின் வருமானமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு தீர்ப்பாயம் சிறுவாட்டை மரியாதையோடு பார்த்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

யுபிஐ அறிமுகமானதும் அதே 2016இல்தான். அது வளர வளர, வீட்டில் ரொக்கம் சுருங்கியது. ரொக்கம் இல்லாத வீட்டில் மிச்சம் பிடிப்பது எங்கிருந்து? பால்காரருக்கு மாதக் கடைசியில் கணவரே போனில் அனுப்பிவிடுகிறார். மளிகை ஆப்பில் வருகிறது, பணம் அவர் கார்டில் போகிறது. மனைவி கையில் காசு படுவதே இல்லை. படித்து வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தாலும், போனின் பூட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறந்த வீட்டுக்கு ஐந்நூறு அனுப்பினால் அது தேதி, நேரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். 2024இல் யுபிஐ சர்க்கிள் என்று ஒரு ஏற்பாடு வந்தது. கணக்கு வைத்திருப்பவர் வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, மாதம் 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு வைத்துச் செலவு செய்ய விடலாம். அல்லது ஒவ்வொரு முறையும் அவரே பின் நம்பர் போட்டு அனுமதிக்கலாம். வங்கிக் கணக்கு இல்லாத முதியவருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கும் உண்மையிலேயே உதவும் ஏற்பாடுதான். ஆனால் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் கொத்தமல்லிக் கட்டுக்கு அனுமதி கேட்டு நிற்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு எதற்கு என்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் இது ஒரு பக்கமாக மட்டும்தான் கேட்கப்படுகிறது. வெளியே போய் வரும் ஆண் டீக்கும் சிகரெட்டுக்கும் நண்பனின் கைமாத்துக்கும் எவ்வளவு செலவழித்தார் என்று எந்த வீட்டில் உட்கார வைத்துக் கேட்கிறார்கள்? சம்பாதிக்கிறவர் என்ற ஒரு சொல்லில் அதெல்லாம் அடங்கிப் போகிறது. வீட்டில் இருப்பவளும் சம்பாதிக்கிறாள் என்பதை நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவருக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் நடந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில், அவளது வீட்டு உழைப்பும் அந்தச் சொத்துக்குப் பங்களிப்புதான் என்று சொல்லிப் பாதிப் பங்கு கொடுத்தது. சொத்தில் பாதி உண்டு என்கிறது நீதிமன்றம். சமையலறையில் ஐந்நூறு ரூபாய்க்கு விளக்கம் கேட்கிறோம்.

அதே வருஷம் செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு நேராகப் போகத் தொடங்கியது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அந்தப் பணத்தில் கைவைத்து, அரசு கண்டிக்க வேண்டி வந்தது. வங்கியைக் கண்டிக்க அரசு இருக்கிறது. ஏடிஎம் கார்டைத் தன் பர்ஸில் வைத்திருக்கும் மகனை யார் கண்டிப்பது? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதிக்கு முந்தின நாளே சொல்லிவிடுவார்: "நாளைக்குக் காலையில வர மாட்டேம்மா, பேங்குக்குப் போகணும்." வரிசையில் நின்று அவரே எடுப்பார். நேரம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு அந்த நேரத்தின் விலை தெரியாது.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. டிஜிட்டல் கைது என்று போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மிரட்டி, ஓய்வூதியப் பணத்தைத் துடைத்து எடுக்கும் செய்தி வராத வாரம் இல்லை. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆனாலும் பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் நாம் செய்வதுதான் சரியில்லை. அம்மாவின் கணக்கில் நம் எண்ணைச் சேர்த்து, "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி" என்று எல்லாவற்றையும் நம் போனுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அதன் பிறகு அவள் தன் சொந்தப் பணத்துக்கே நம்மிடம் கேட்க வேண்டும். பேத்தி பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்பதைக்கூட மகனின் மனநிலை பார்த்துச் சொல்ல வேண்டும். 1930 என்ற சைபர் உதவி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டலாம். பெரிய தொகையை வைப்புநிதியில் போட்டுவிட்டு, செலவுக்கான சின்னத் தொகை மட்டும் அவள் பெயரில், அவள் எண்ணில் இருக்கட்டும். போனால் அது மட்டும் போகும்.

எங்கள் அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளை அஞ்சலகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கினோம். 500 ரூபாய் இருப்பு இருந்தால் போதும். எண் அவளுடைய பட்டன் போன் எண். நாங்கள் மூன்று பிள்ளைகளும் மாதம் பிறந்தால் அதில் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம். பாஸ்புக் அவளிடம். போன மாதம் மூவாயிரம் எடுத்திருக்கிறாள். தம்பி பழக்க தோஷத்தில், "எதுக்கும்மா அவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். "வேணும்னு எடுத்தேன்டா" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போய்விட்டாளாம். தம்பி எனக்குப் போன் போட்டுக் கேட்டான். எனக்கும் தெரியாது, நீயும் கேட்காதே என்றேன்.