கதவைத் திறந்தவரின் கணக்கு

1855இல் ஒரு நல்ல கல்லூரியை அதை நடத்தியவர்களே மூடினார்கள். மாணவர்கள் நன்றாகத்தான் படித்தார்கள். படித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள், அதுதான் சிக்கல்.

யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி அது. முதல் அதிபர் டேனியல் பூவர். தமிழ்ப் போதகர்களை உருவாக்குவதே நோக்கம். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். படித்த பையன்களில் பலர் அரசாங்க வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனுக்கு இது ஒப்பவில்லை. ஆங்கிலம் இவர்களை ஊரிலிருந்து பிரிக்கிறது, கிராமத்துக்குத் தமிழ்வழிப் பள்ளியே போதும் என்பது அவர் தரப்பு. செமினரி மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். கிறிஸ்தவராக வளர்ந்து சைவத்துக்குத் திரும்பிய தாமோதரம்பிள்ளை ஏடு தேடி வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) போன்றவற்றை அச்சேற்றினார். ஆசிரியர்களும் மாறினார்கள். அங்கே அதிபராக இருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டார். மதம் மாற்ற வந்தவர் சைவ சித்தாந்தத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார்!

மிஷனின் கணக்கில் இது நஷ்டம். தமிழின் கணக்கில் பெரிய வரவு. இப்படிச் சொல்லி ஆண்டர்சனைப் பார்த்துச் சிரித்துவிடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வரவில்லை.

என் தாத்தா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டவர் யாழ்ப்பாணத்துக் கிராணி. அவர் பேனா வைத்தால்தான் அன்றைக்குக் கூலி. ஒரே மொழி பேசிய இரண்டு பேருக்கு நடுவே ஒரு மேசை இருந்தது. அந்த மேசையைப் போட்டது ஆங்கிலப் படிப்பு. மிஷன் பள்ளிகள் வளர்த்த அந்தப் படிப்பு ஏடு பதிப்பித்தவரையும் தந்தது, பெரட்டுப் புத்தகத்தோடு நின்றவரையும் தந்தது. 'இந்தப் படிப்பு யாருக்கு?' என்று ஆண்டர்சன் கேட்டது சரியான கேள்வி. கதவைச் சாத்தியதுதான் தப்பான பதில்.

கல்லூரிகள் தம் நோக்கத்தை மீறிப் போவது எப்போதும் நல்லதில்லை. பூவர் படித்த டார்ட்மவுத் கல்லூரியின் 1769ஆம் ஆண்டுச் சாசனம் செவ்விந்திய இளைஞர்களின் கல்வியைத்தான் முதலில் சொல்கிறது. நடைமுறையில் படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகள். அங்கேயும் நோக்கம் நழுவியது. இழந்தவர்கள் யார் என்று சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் நோக்கத்தை அளவுகோலாக வைக்க முடியாது. எதை வைப்பது?

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பட்டம் வாங்கியதும் பிள்ளைகள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கும் மேல், யார்தான் போகமாட்டார்கள்? "நாம யாருக்கு சார் ஆள் தயார் பண்றோம்?" என்று சக ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பில் ஆண்டர்சனின் குரல் கேட்கிறது. சொல்லிக்கொடுத்தவருக்கு மாணவனின் வாழ்க்கைமேல் உரிமை கிடையாது. உரிமை கேட்டால் அது கல்வி இல்லை, முன்பணம்.

அதற்காக மாணவனுக்குக் கடனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கடன் உண்டு. அதை வசூலிக்கும் உரிமை மட்டும் கதவைத் திறந்தவருக்கு இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கு உண்டு. உள்ளே போய் மேசைபோட்டு உட்கார்ந்தவரைப் பார்த்து 'எனக்கு என்ன செய்தாய்?' என்று என் தாத்தா கேட்டிருக்கலாம்.

மூடிய செமினரி அதே வட்டுக்கோட்டையில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக மறுபடி எழுந்தது. அதைக் கேட்டு முயன்றவர்களில் பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். போதகர் ஆகாமல் 'வழிதவறியவர்கள்' அடுத்த பிள்ளைகளுக்காகக் கதவைத் திரும்பத் திறக்கச் சொன்னார்கள். கடனை அடைப்பது என்றால் எனக்கு இதுதான் பொருள்.