கண்ணுக்கு மறைந்த குப்பை

விலை கொடுத்து வாங்கிய பொருளை வீசியெறிய எமக்கு உரிமையில்லையா என வினவுவோர் உளர். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் குப்பைக் குழாயின் மூடியைச் சாத்தியதும் பொருள் மறைகிறது. பொறுப்பும் உடன் மறைந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால், எரித்தபின் எஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியே செமாக்காவ் தீவுக்குச் செல்கிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்நிரப்பிடம் 2035அளவில் நிறைந்துவிடும் என்பது அரசின் கணிப்பு. நாம் கொடுத்த விலை அரிசிக்கு உரியது. அந்தக் கடலிடத்துக்கு உரியதன்று. அதை இழக்கப்போகிறவர்கள் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள். அவர்களிடம் எவர் இசைவு கேட்டார்?

2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு பெறுகின்றன. காசுக்கு அஞ்சித் துணிப்பை எடுப்பது சிக்கனம். அதனை அறமென்றழைக்கத் தயங்குகிறேன். எஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் உண்ட பாட்டிமாரை எச்சட்டமும் ஏவவில்லை. வறுமை ஏவியது என மாணவர் மறுக்கலாம், மறுப்பில் உண்மையுண்டு. ஆயினும், உண்போரை எண்ணி உலைக்கு அரிசி அளக்க வறுமை வேண்டுவதில்லையே!