விண்ணப்பத்தில் யாருடைய கையெழுத்து?



மே மாதம் வந்தால் நம்முடைய சபைகளில் ஜெபக்குறிப்புகள் கூடிவிடும். பிளஸ் டூ ரிசல்ட், மார்க், சீட்டு, பீஸ். திண்டிவனத்திலானாலும் விழுப்புரத்திலானாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து பாயைச் சுருட்டுவதற்குள் நாலைந்து குடும்பங்கள் ஃபைலோடு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். நான் ஓய்வுபெற்ற வாத்தியார். காலேஜ் விண்ணப்பம் போட உதவி செய்வது கர்த்தர் எனக்குக் கொடுத்த சின்ன ஊழியம். முன்னே பேனாவால் எழுதினோம். இப்போது இன்ஜினியரிங் என்றாலும் அரசு கலைக் கல்லூரி என்றாலும் எல்லாம் ஆன்லைன். ஆனால் கேட்கிற கேள்விகள் மாறவில்லை. பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, மதம் என்ன, சாதி என்ன.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தாய் வந்தார்கள். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை. புருஷன் இல்லை. பன்னிரண்டு வருஷமாய் விசுவாசி, உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள். மகன் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் எடுத்திருந்தான். அந்த மாதம் ஞானஸ்நானம் எடுக்க அவன் பெயர் கொடுத்திருந்தான். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், பாஸ்டர் கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஞானஸ்நானத்தை சீட்டு கிடைச்சப்புறம் வச்சிக்கலாம். இப்ப இருக்கிற இந்து ஆதிதிராவிடர் சர்டிபிகேட்டுல போட்டாத்தான் அவனுக்கு நல்ல காலேஜ். பாவம்னா அது எம்மேல வரட்டும் சார், புள்ள மேல வேணாம்" என்றார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. வாத்தியாருக்கே பதில் வரவில்லை! உங்களுக்கு வருகிறதா? "பொய் பாவம், அவ்வளவுதான்" என்று சட்டென்று சொல்லுகிற சகோதரரே, கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தாய் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள்.

சட்டம் இப்படி இருக்கிறது. 1950ல் வந்த ஜனாதிபதி உத்தரவு, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியில் வருவார்கள் என்றது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், பி.சி.க்கு 26.5 சதவீதம். பி.சி. எண்ணிக்கை பெரிதாய்த் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற கூட்டம் பெரிது, கட் ஆஃப் பெரும்பாலும் உயரம். உப்பளத்துத் தாயின் பிள்ளை, நிலமும் கடையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

ஞானஸ்நானம் எடுத்தால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. போய்விட்டதா? தெருவில் போகவில்லை. சர்ச்சிலே போய்விட்டதா? 2008 மார்ச்சில், அப்போது நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே ஆலயத்து ஜனங்களுக்குள் சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தானே! ஆகவே அந்தத் தாய், "நாங்க மாறினோம் சார், எங்க தெரு மாறலியே" என்று சொன்னால் அது முழு உண்மை.

அப்படியானால் சட்டமே தப்பாய் எண்ணும்போது நாம் அதற்கு ஒரு பொய்யைப் பதிலாய்க் கொடுத்தால் என்ன? இதுதான் கேள்வி. இதைவிடக் கஷ்டமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

நான் ராத்திரி வீட்டுக்குப் போய் ஆதியாகமத்தில் ரெபெக்காளின் கதையை எடுத்து வாசித்தேன். அவளும் ஒரு தாய். அவளும் தன் பிள்ளை ஆசீர்வாதத்தைப் பெற உதவி செய்தாள். ஆட்டுத்தோலைக் கையிலும் கழுத்திலும் கட்டி, அண்ணன் ஏசாவின் உடுப்பை உடுத்தி, கண் மங்கின தகப்பனிடம் அனுப்பினாள். யாக்கோபு பயந்தபோது சாபத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். உப்பளத்துத் தாய் சொன்னது போலவே! அவளுடைய அன்பில் குறை இல்லை.

ஆனால் நடந்தது என்ன? வீட்டைவிட்டு ஓடினவன் யாக்கோபு. லாபானிடம் இருபது வருஷம் உழைத்தவன் யாக்கோபு. ராகேல் என்று நினைத்து லேயாளைக் கட்டி, தான் ஏமாற்றின மாதிரியே ஏமாந்தவனும் யாக்கோபு. கொஞ்ச நாளில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த தாய், பிறகு அவனைப் பார்த்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. தன்மேல் ஏற்றுக்கொள்ள அவள் மனதார விரும்பினாள். ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் பசியை நாம் சுமக்கலாம். பிள்ளையின் கடனை நாம் சுமக்கலாம். பிள்ளைக்காக வெயிலில் உப்பு வாரலாம். ஆனால் பிள்ளை சொல்லுகிற பொய்யை நாம் சுமக்க முடியாது. அது அவன் வாயிலிருந்து வந்தது, அவன் பெயரில் இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு இடம் இருந்தாலும் மாணவன் கையெழுத்துக்குத் தனி இடம் இருக்கிறது.

"ஒரு மாசம் ஞானஸ்நானத்தைத் தள்ளி வைப்பது பாவமா?" என்று கேட்பீர்கள். தேதி ஒரு பெரிய விஷயம் அல்ல. பரீட்சைக்காகத் தள்ளி வைத்தவர்கள் உண்டு, மழைக்காகத் தள்ளி வைத்தவர்களும் உண்டு. ஆனால் இது ஒரு மாதத்தோடு முடியுமா? காலேஜ் மூணு வருஷம். அதற்கப்புறம் வேலை. வேலைக்கும் அதே சர்டிபிகேட். கலியாணப் பத்திரிகையில் என்ன போடுவது? பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? ஒளிந்துகொள்ள ஆரம்பித்தவன் முப்பது வருஷம் ஒளியவேண்டும்.

பக்கத்துப் பாண்டிச்சேரியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் 2015ல் அரசு குமாஸ்தா வேலைக்குப் பட்டியல் சாதியென்று விண்ணப்பித்தார். விசாரணையில் குழந்தையாயிருந்தபோது எடுத்த ஞானஸ்நானம் வரைக்கும் வெளியே வந்தது. வழக்கு டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2024 நவம்பர் 26ல் தள்ளுபடி ஆயிற்று. கிறிஸ்தவ விசுவாசத்தை உண்மையாய்க் கடைப்பிடித்துக்கொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றார்கள் நீதிபதிகள். அந்த மகளை நான் குற்றப்படுத்தவில்லை. சிறு பிள்ளையில் பெரியவர்கள் செய்ததற்கு அவர் கோர்ட்டில் நின்றார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021ல் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒரு டாக்டரம்மாவின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியது, கிறிஸ்தவரைக் கலியாணம் பண்ணியிருந்தார் என்று அதிகாரிகள் சர்டிபிகேட்டை ரத்து செய்திருந்தார்கள். சிலுவை தொங்குவதால் ஒருவர் மதம் மாறிவிட்டார் ஆகாது என்று கோர்ட்டு அதைத் திரும்பக் கொடுத்தது. அதாவது, சர்ச்சுக்கு வந்து போகிற எல்லாரையும் சட்டம் கிறிஸ்தவர் என்று எண்ணிவிடுவதில்லை. நீ எதை விசுவாசிக்கிறாய் என்றுதான் கேட்கிறது.

ஆகவே தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. விழுப்புரத்தில் ஒரு சகோதரர், இன்னும் தீர்மானம் பண்ணாத தன் மகளை, "நீ என் மகள், கிறிஸ்தவள்னுதான் போடணும்" என்று அதட்டினார். அந்தப் பெண் பிள்ளை என்னிடம் மெதுவாக, "அங்கிள், எனக்கு இன்னும் தெரியல" என்றாள். அதுவும் பொய்தான் ஐயா! தாய் பிள்ளையின் விசுவாசத்தை மறைக்கிறாள். தகப்பன் பிள்ளைக்கு இல்லாத விசுவாசத்தை எழுதுகிறார். இரண்டு பேரும் பிள்ளையிடம் கேட்கவில்லை. நானும் குற்றவாளிதான். என் மகன் காலேஜுக்குப் போகும்போது முழு ஃபார்மையும் நானே எழுதி, அவனிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். என்ன படிக்க ஆசை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என் மனதில் குத்துகிறது.

சரி, சட்டம் அநியாயமாயிருந்தால் என்ன செய்வது? வெளிப்படையாய்ப் பேசவேண்டும். 2004 முதல் சுப்ரீம் கோர்ட்டில் இதற்காக வழக்கு நடத்துகிறார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டசபை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆனால் யோசியுங்கள். நாம் எல்லாரும் தாளில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமாய் இருந்தால், "அப்படிப்பட்ட ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள்? கணக்கில் காணோமே" என்று சொல்லுவார்கள் அல்லவா? ஒளிந்திருக்கிறவனுக்கு நியாயம் கேட்பது கஷ்டம்.

இப்போது சபைக்கு ஒரு கேள்வி. இது கொஞ்சம் கசக்கும். மேடையில் நின்று "உண்மையை எழுது" என்று பிரசங்கிக்கிறோம். அந்த உண்மைக்கு விலை கொடுப்பது யார்? உப்பளத்துத் தாய் மட்டுமா? ஒருவருக்கும் செலவில்லாத பிரசங்கம் மற்றவன் பாக்கெட்டில் கைவிட்டுக் காணிக்கை போடுவது போல. ஒரு பிள்ளை உண்மை எழுதியதால் அரசாங்க உதவி குறைந்தால், அந்தக் குறைவைச் சபை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மை எழுதினால் எல்லாம் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். பலருக்கு இது தெரியாது: பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கும் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் கல்லூரி உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010 முதல் எல்லாச் சாதியாருக்கும் உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020ல் வந்தது, இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கு 2021ல் வந்தது. அதில் சேர மதம் ஒரு தடை இல்லை. பெண் பிள்ளைகளுக்கு 2022ல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். காலேஜ் ஆபீசில் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்தேன். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. இதில் எழுதினதையெல்லாம் இரண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லி, செல்போனை அவன் கையில் கொடுத்தேன். அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மா, நீ எனக்காக உப்பு வார்ற. இதையும் நீ வாராத. இது என் பேரு" என்றான். தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். இ-சேவை மையத்தில் புது சர்டிபிகேட்டுக்கு எழுதிப்போட்டோம்.

இதற்கப்புறம் ஒரு அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. அவன் கேட்ட இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கவில்லை. பழைய சர்டிபிகேட் இருந்தால் கிடைத்திருக்கலாம். இன்றைக்குத் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்கிறான். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சபையில் ஆறு குடும்பம் மாதாமாதம் கொடுக்கிறது. தாய் சில நாள் என்னைப் பார்த்து, "சரியாத்தான் செஞ்சமா சார்?" என்று கேட்கிறார்கள். நான் சட்டென்று ஆமென் சொல்லுவதில்லை. "அவன் ஒளிஞ்சிக்கல அம்மா" என்று மட்டும் சொல்லுகிறேன்.

யாக்கோபின் கதை இருபது வருஷம் கழித்து யாப்போக்கு ஆற்றங்கரையில் திரும்புகிறது. இராமுழுதும் போராடி, ஆசீர்வாதம் கேட்கிறான். அப்போது அவனிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: அவன் பெயர் என்ன? முன்பு தகப்பன் யாரென்று கேட்டபோது அண்ணன் பெயரைச் சொன்னவன், இந்தத் தரம் தன் பெயரைச் சொன்னான். ஆட்டுத்தோல் இல்லை, தாய் பக்கத்தில் இல்லை. அப்புறம்தான் ஆசீர்வாதம் வந்தது. நொண்டிக்கொண்டே போனான். ஆனால் தன் பெயரோடு போனான்.

பெற்றோரே, இந்த வருஷம் உங்கள் பிள்ளை விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். கண்ணாடி எடுத்துக் கொடுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள், பீஸ் கட்டுங்கள், ஜெபியுங்கள். பெயர் எழுதுகிற இடம் வரும்போது மட்டும் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பிள்ளைகளை எங்களைவிட நீர் நன்றாய் அறிந்திருக்கிறீர். அவர்கள் உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும். அதற்கு விலை கொடுக்க எங்களுக்கு மனது தாரும். ஆமென்.